அம்மம்மாவும் மொன்றியல் எலியும்



புரோசார்ட்டில் இருந்து சாம்ப்ளெயின் பாலத்தைக் கடந்தால் வெர்டன். அங்கேயுள்ள டக்ளஸ் மனநல மருத்துவமனையில்தான் மைக்கேல் மீனி எலிகளை ஆராய்ந்தவர். தாய் அடிக்கடி நக்கி வளர்த்த குட்டிகளுக்கு வளர்ந்தபின் பதற்றம் குறைவு. அவ்வளவாய் நக்காத தாயின் குட்டியை நக்குகிற தாயிடம் மாற்றிவிட்டால் அதுவும் அப்படியே! (நக்கல் இல்லை, உண்மை.) மன அழுத்தத்தைத் தணிக்க உதவும் மரபணு ஒன்றின் மேலுள்ள வேதிக்குறிகளே மாறுகின்றன என்று 2004இல் அவரும் மோஷே சிஃபும் சகாக்களும் எழுதினார்கள். 2009இல் தற்கொலை செய்தவர்களின் மூளைகளைப் பார்த்தபோது, சிறுவயதில் வதைபட்டவர்களிடம் அதே மரபணுவில் அந்தக் குறிகள் கூடியிருந்தன.

என்னை ஒரு வயசில விட்டிட்டு அம்மா குவைத்துக்கு வேலைக்குப் போனவ. வளர்த்தது அம்மம்மா. நேற்று வாட்ஸப்பில அம்மா வழக்கம்போல அதைச் சொல்லி அழ, நான் எலிக்கதையைச் சொல்லித் தேற்றினன். கொஞ்சநேரம் பேச்சில்லை.

"அப்ப நான் நக்காத எலியோடா?" எண்டு கேட்டா.