அம்ரிதா ஷெர்கில்லின் தென்னிந்திய ஓவியங்கள்

அம்ரிதா ஷெர்கில் (1913–1941) 1937ஆம் ஆண்டில் தீட்டிய மூன்று எண்ணெய் வண்ண ஓவியங்கள் ‘தென்னிந்திய ஓவியங்கள்’ என ஒரு தொகுதியாகப் பேசப்படுகின்றன. ‘மணமகள் அலங்காரம்’, ‘பிரம்மச்சாரிகள்’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தினர்’ ஆகியவை அவை. காட்டுவது தெற்கு மக்களை என்றாலும் தீட்டப்பட்ட இடம் சிம்லா.

அம்ரிதா புடாபெஸ்டில் பிறந்தவர். தாய் மரி அன்டோனெட் ஹங்கேரியப் பாடகி. தந்தை உம்ராவ் சிங் பஞ்சாபின் சீக்கியப் பிரபு, புகைப்படப் பித்துக் கொண்ட அறிஞர். தாய்மாமன் எர்வின் பக்டாய், இந்தியவியலுக்கு வருமுன் சிமோன் ஹொல்லோஷியிடம் ஓவியம் பயின்றவர். ஹொல்லோஷி 1896இல் தம் மாணவர்களோடு நாகிபான்யா என்ற மலையூருக்குப் போய், திறந்த வெளியில் வெயிலையும் மரநிழலையும் நேரில் பார்த்து வரையும் ஓவியக் குடியிருப்பைத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர். அதற்கும் முன்பே, 1873இல், ஹங்கேரிய ஓவியர் பால் சின்யெய் மெர்ஷே பச்சைச் சரிவில் உல்லாசமாக அமர்ந்திருக்கும் மனிதர்களை ‘மே விழா’வில் வரைந்திருந்தார். நிலக்காட்சியில் மனிதரை வைத்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் அம்ரிதாவுக்குத் தாய்வழியில் வந்தது. முறையான பயிற்சி பாரிசில்.

1934இல் இந்தியா திரும்பியவர், 1936 இறுதியில் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். அஜந்தா அவரைப் புரட்டிப்போட்டது. கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களைக் கண்டார். கன்னியாகுமரி வரை போனார். வெயில் கொளுத்தும் ஊர்களைச் சுற்றிவந்தவர் வெயிலை வரையவில்லை என்பதுதான் இப்படங்களில் கவனிக்க வேண்டியது. ‘பிரம்மச்சாரிகள்’ படத்தில் ஐந்து இளைஞர்கள், திறந்த மார்பு, வெள்ளை வேட்டி. பின்னால் செம்மண் போன்ற தட்டையான நிறம். வானமில்லை, அடிவானமில்லை, தரையில் விழும் நிழலும் அனேகமாக இல்லை. கறுத்த மேனிக்கும் வெள்ளைத் துணிக்கும் இடையிலுள்ள முரணே வெளிச்சத்தின் வேலையைச் செய்துவிடுகிறது. ‘மணமகள் அலங்கார’த்தில் அதே வேலையை மணப்பெண்ணின் சிவந்த உள்ளங்கைகள் செய்கின்றன. பிரெஞ்சு ஓவியர் கோகனின் தாக்கம் உண்டு. ஆனால் உருவங்களின் அசையா அமைதி அஜந்தாவுடையது. மூன்றில் ‘பிரம்மச்சாரிக’ளே கச்சிதம் எனலாம். சந்தைப் படத்தில் உருவங்கள் ஒன்றையொன்று நெருக்குகின்றன.

அடிவானமில்லாத இந்த முறைக்குத் தெற்கிலேயே, புதுக்கோட்டை மாவட்டத்தில், முன்னோடி ஒன்று உண்டு. அம்ரிதா அதைப் பார்த்ததாகச் சொல்வதற்கில்லை. சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் விதானத்தில், 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத் தாமரைக் குளம்: பூப்பறிக்கும் மூன்று ஆண்கள், யானைகள், மீன்கள், அன்னங்கள், இடைவெளி விடாமல் இலைகளும் மொட்டுகளும். இங்கும் அடிவானம் கிடையாது. ஆனால் குளமே படத்தை நிறைக்கிறது. மனிதர் அதில் ஒரு பங்கு. அம்ரிதாவிடம் இது தலைகீழ்: மனிதர் நிறைந்து நிற்க, நிலம் வெறும் நிறமாக ஒதுங்கிவிடுகிறது.

1938இல் நிலம் திரும்பி வந்தது. ‘பச்சைக் குளத்தில் குளிக்கும் யானைகள்’, அதே ஆண்டு ஹங்கேரியில் வரைந்த ‘சந்தைக் காட்சி’ இரண்டிலும் உருவங்கள் சிறுத்து, சுற்றியுள்ள வெளி விரிகிறது. 1941 டிசம்பர் 5 அன்று லாகூரில், 28 வயதில் இறந்தார். 1976 முதல் அவருடைய படைப்புகள் தேசியக் கலைச்செல்வங்கள். விற்கலாம், வாங்கலாம், நாட்டைவிட்டு ஏற்றுமதி செய்ய முடியாது. ‘பிரம்மச்சாரிகள்’ புதுதில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் உள்ளது.