ஓடும் நேரமும் ஓய்வு நேரமும்

ஆலையில் சங்கு ஊதுகிறது; பள்ளியில் மணி அடிக்கிறது; அலுவலகத்தில் வருகைப் பதிவேடு இருக்கிறது. இவற்றால் அங்கங்கே வேலை செய்வோரின் நேரத்தை அறிந்துகொள்கிறோம். ஆனால் நெடுஞ்சாலையில் தன்னந்தனியாகச் சுமை லாரியைச் செலுத்தும் ஓட்டுநர் எப்பொழுது வேலையைத் தொடங்கினார், எப்பொழுது முடித்தார், இடையில் எவ்வளவு நேரம் கண்ணயர்ந்தார் என்பதை யார் அறிவார்? இக்கேள்விக்கு மனிதன் விடை தேடிய வரலாற்றையே இன்று காண இருக்கிறோம். அதனை உடுமலைப்பேட்டையிலிருந்து தொடங்குவது பொருந்தும்.

பேட்டை என்னும் சொல், வணிகமும் வண்டிகளும் வந்து கூடும் இடத்தைக் குறிப்பது. பழநிக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே அமைந்த இவ்வூருக்கு ஒரு காலத்தில் மாட்டு வண்டிகளே சரக்குகளைக் கொண்டுவந்து சேர்த்தன. அன்று வேலை நேரத்தை வரையறுக்கச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. மாடு களைத்தால் நின்றுவிடும். அதற்குத் தண்ணீரும் தீனியும் தந்தாக வேண்டும். மாட்டுக்குக் கிடைத்த ஓய்வு வண்டிக்காரருக்கும் கிடைத்தது. அவர் வண்டியிலேயே உறங்கிவிட்டாலும் பழகிய மாடுகள் பாதை தவறா.

1920-ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே தமது முதல் பேருந்தை ஓட்டினார். 1931-இல் நாச்சிமுத்துக் கவுண்டர் பொள்ளாச்சியில் ஆனைமலைஸ் பஸ் போக்குவரத்தைத் தோற்றுவித்தார். பின்னர்ச் சுமை லாரிகள் பெருகின. உடுமலையின் தேங்காயும் தக்காளியும் தொலைதூரச் சந்தைகளுக்கு இரவோடு இரவாகப் போய்ச் சேரலாயின. இம்மாற்றத்தில் ஒரு பெரிய வேறுபாடு ஒளிந்திருந்தது. என்ஜின் களைப்பதில்லை, களைப்பவர் ஓட்டுநர் ஒருவரே. அவர் கண்ணை மூடினால் வண்டி நிற்பதில்லை. தன் போக்கில் ஓடுகிறது. ஆதலின், மாட்டின் இயற்கை செய்த காவலைச் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று.

1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அக்காவலைத் தொடங்கியது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் இடையே அரை மணி ஓய்வு வேண்டும். ஒரு நாளில் 9 மணிக்கும் ஒரு வாரத்தில் 54 மணிக்கும் மேல் வேலை கூடாது என்று அது விதித்தது. அதே ஆண்டில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு சாலைப் போக்குவரத்துக்கென ஓர் உடன்படிக்கையை ஏற்றது. ஒவ்வோர் ஓட்டுநருக்கும் நேரத்தைக் குறிக்கத் தனிப் புத்தகம் வேண்டும் என்பது அதன் கருத்துகளுள் ஒன்று. 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பைக் குறைத்தது. நெடுந்தொலைவு வழிகளில் மட்டும் 10 மணி வரை செல்லலாம் என்றது. 5 தொழிலாளர்களுக்குக் குறைவான நிறுவனங்கள் இச்சட்டத்துக்குள் வரவில்லை. ஆயினும் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், எந்தப் போக்குவரத்து வாகனத்தின் ஓட்டுநருக்கும் இதே நேர அளவு என்று கூறியது.

சட்டம் நன்று, அதன் கணக்கு எங்கே? 1988-ஆம் ஆண்டின் சட்டம் வேலை நேரத்தை முன்கூட்டியே வகுத்து, வகுத்ததைப் பதியுமாறு முதலாளிகளைப் பணிக்க மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. முன்கூட்டி வகுத்த நேரம் வேறு, உண்மையில் ஓடிய நேரம் வேறு அல்லவா? பேருந்துக்குக் கால அட்டவணை உண்டு. பணிமனையில் நேரம் குறிப்போர் உண்டு. லாரிக்கு அவை இல்லை. கிடங்கில் சுமை ஏற்றக் காத்திருந்த அரை நாள், எந்த ஏட்டிலும் ஏறாமல் மறைந்து போகிறது.

இக்குறையைத் தீர்க்க மேலைநாடுகள் யந்திரத்தின் துணையை நாடின. ஐரோப்பாவில் வேகத்தையும் ஓடிய நேரத்தையும் வட்டக் காகிதத்தில் கீறிக் காட்டும் டாக்கோகிராப் என்னும் கருவி பரவியது. 2006 மே முதல் அங்கே புதிய கனரக வாகனங்களில் மின்னணுக் கருவி வந்தது. ஓட்டுநர் தம் பெயருக்குரிய அட்டையை அதில் செருகுகிறார். அவரது உழைப்பின் கணக்கு அவர் கையிலுள்ள அட்டையிலேயே பதிகிறது.

அமெரிக்காவில் 1930-களின் இறுதியிலிருந்து ஓட்டுநர்கள் தம் கையால் நாட்குறிப்பு எழுதி வந்தனர். பணியில் இல்லாத நேரம், வண்டியின் படுக்கையில் உறங்கும் நேரம், வண்டி ஓட்டும் நேரம், ஓட்டாமல் பணியில் இருக்கும் நேரம் என்று அதில் நான்கு கோடுகள். கையால் எழுதுவதைத் திருத்தி எழுதுவதும் எளிது. எனவே 2017 டிசம்பர் முதல் என்ஜினோடு இணைந்த மின்னணுக் கருவி கட்டாயமாயிற்று. சக்கரம் சுழன்றதும் ‘ஓட்டும் நேரம்’ என்று கருவி தானே குறித்துக்கொள்கிறது. மற்ற நிலைகளை ஓட்டுநர் பொத்தானை அழுத்திக் குறிக்கிறார். இங்கே நாம் கவனிக்க வேண்டியது நான்காவது கோடு. சுமை ஏற்றும் நேரமும் பணி நேரமே என்பதை அது எழுத்தில் நிலைநாட்டுகிறது.

கருவி வந்ததும் துன்பம் யாவும் தீர்ந்தனவா? இல்லை. நேர வரம்பை மீறுவது குறைந்தது. ஆயினும் விபத்துகள் குறையவில்லை என்று அந்நாட்டில் ஆராய்ந்தவர்கள் கண்டனர். சிறு நிறுவனங்களின் ஓட்டுநர்கள் முன்னிலும் வேகமாக ஓட்டத் தொடங்கியிருந்தனர். காரணத்தை உணர்வது கடினமன்று. ஓடிய மைலுக்குக் கூலி என்றால், நேரம் குறுகும்போது வேகம் கூடத்தானே செய்யும்? மேலும், முதலாளி இக்கருவியைக் கொண்டு ஓட்டுநரைத் துன்புறுத்தாதிருக்கக் காப்பு வேண்டும் என்னும் காரணத்தால், முந்தைய விதி ஒன்றை 2011-இல் நீதிமன்றம் தள்ளியது. பின் வந்த விதியில் அக்காப்பும் இடம் பெற்றது.

நம் நாட்டிலும் மின்னணுக் கணக்கு புதிதன்று. சரக்குக்கு 2018 முதல் மின்வழிச் சீட்டு உண்டு. சுங்கச் சாவடியைக் கடந்த நேரத்தை ஃபாஸ்டாக் குறிக்கிறது. வண்டி நிற்கும் இடத்தை முதலாளி தம் கைப்பேசியிலேயே காண முடிகிறது. சரக்குக்கும் வண்டிக்கும் கணக்கு இருக்கிறது. ஓட்டுநரின் உறக்கத்துக்கு இல்லை. விமானிகளைப் போல் லாரி ஓட்டுநர்களுக்கும் ஓட்டும் நேரத்தை வரையறுக்க வேண்டும் என்று 2021 செப்டம்பரில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி கூறினார். 1939-இலேயே சட்டத்தில் எழுதப்பட்ட கருத்தை 82 ஆண்டுகளுக்குப் பின்னும் புதிதாகச் சொல்ல வேண்டியிருந்தது என்பதே, கணக்கில்லாத சட்டத்தின் நிலையை உணர்த்தும்.

மாணவ நண்பர்களே! நாளை இத்தகைய கருவிகளை அமைப்பவர்களும் அவற்றுக்கு விதி வகுப்பவர்களும் உங்களுள் இருப்பீர்கள். அப்பொழுது மூன்றை மறவாதீர்கள். காத்திருக்கும் நேரமும் கணக்கில் ஏற வேண்டும். அக்கணக்கின் படி ஒன்று ஓட்டுநர் கையிலும் இருக்க வேண்டும். டிரிப்புக்கு இவ்வளவு என்னும் கூலி, நேரத்துக்கேற்ற கூலியாக மாற வேண்டும். இம்மூன்றும் இல்லையேல், கருவி ஓட்டுநரைக் கண்காணிக்கும் கண்ணாக மட்டுமே நின்றுவிடும். இம்மூன்றும் அமைந்தால், அன்று மாட்டின் களைப்பு வண்டிக்காரருக்கு அளித்த ஓய்வை, இன்று இக்கருவி லாரி ஓட்டுநருக்கு அளிக்கும். அவ்வோய்வினால் காக்கப்படுவது அவர் உயிர் மட்டுமன்று. அதே சாலையில் எதிரே வரும் நம் அனைவரின் உயிருமாகும்.