பூவரசம்பூவும் பேராசிரியர் சேஷாத்திரியாரும்

செங்கற்பட்டினின்று மாமல்லபுரம் செல்வோர் கடலோர ஊர்களில் பூவரச மரங்களைக் காண்பர். காலையில் மஞ்சளாய் மலரும் அப்பூ மாலையிற் சிவந்து வாடும். சிறுவர் அதன் இலையைச் சுருட்டி ஊதி மகிழ்வர். பூவை எவரும் பொருட்படுத்தார். அதனையும் பொருட்படுத்தி ஆராய்ந்த இரசாயனப் பேராசிரியர் தி. இரா. சேஷாத்திரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் காவிரிக்கரையிலுள்ள குளித்தலையில் 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் பிறந்தார். 1917-இல் சென்னை மாநிலக் கல்லூரியிற் சேர்ந்தார். அக்காலத்தில் இராமகிருஷ்ண மிஷனார் பொருளுதவி புரிந்து இவர் கல்வியைக் காத்தனர். 1927-இல் இங்கிலாந்து சென்று, பிற்காலத்தே நோபல் பரிசு பெற்ற இராபர்ட் இராபின்சனிடம் மான்செஸ்டரிற் பயின்று டாக்டர் பட்டம் பெற்றார்.

1930-இல் தாயகம் மீண்டவர்க்குக் கோயம்புத்தூர் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணைப் பகுத்தாராயும் பணி கிடைத்தது. அதனையும் இழிவென எண்ணாது இயற்றினார். 1933-இல் வால்டேரிலுள்ள ஆந்திர சர்வகலாசாலையை அடைந்து, ஆங்கு ஆராய்ச்சிச் சாலையை வளர்த்தார். பருத்தி, பூவரசு முதலிய ஓரினத்துப் பூக்களின் நிறப்பொருள்களைப் பிரித்தெடுத்து, அவற்றின் அமைப்பை ஒப்புநோக்கி, செடி அவற்றைப் படிப்படியாக ஆக்கும் முறையை உய்த்துணர முயன்றார். விலையுயர்ந்த சரக்குகளை நாடாது, நம் வேலியோரத்துப் பூவையே ஆராய்ச்சிப் பொருளாக்கிய திறம் வியக்கத்தக்கதன்றோ!

இரண்டாம் உலகப்போரின்போது அவ்விடத்தை இராணுவத்தார் எடுத்துக்கொண்டனர். அரிதின் அமைத்த சாலையை விடுத்துக் குண்டூருக்கும், பின் சென்னைக்கும் பெயர நேர்ந்தது. ஆயினும் ஆராய்ச்சியைக் கைவிட்டாரல்லர். 1949-இல் தில்லி சர்வகலாசாலைப் பேராசிரியராகி, ஐம்பதாம் அகவையை எட்டும் காலத்தே மீண்டும் புதிதாகத் தொடங்கினார். 1960-இல் இலண்டன் இராயல் சொசைட்டி இவரை உறுப்பினராகத் தேர்ந்தது; 1963-இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. இவரிடம் பயின்று டாக்டர் பட்டம் பெற்றோர் நூற்றைம்பதின்மருக்கும் மேற்பட்டோர். 1975-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

அன்று அப்பொருளுதவி கிடையாதிருப்பின் இவ்வரலாறு எங்ஙனம் முடிந்திருக்கும்? என் வகுப்பிலும் நுண்ணறிவிருந்தும் கட்டணத்திற்கு வழியின்றிப் படிப்பை நிறுத்திய மாணவரைக் கண்டு வருந்தியிருக்கிறேன். மணவீட்டுப் பந்தலுக்குச் செலவிடுவதில் ஒரு பங்கையேனும் அத்தகைய சிறுவர்க்கு ஈவோமாயின், நம் ஊர்ப் பூவரசின் நிழலிலும் ஒரு சேஷாத்திரியார் தோன்றுதல் கூடும். பெற்றோரும் சங்கத்தாரும் இதனைச் சிந்திப்பாராக.