பப்ஜி உடுப்பும் ஆனையிறவு இரும்பும்

பப்ஜி விளையாட்டில் மூன்றாம் நிலைக் கவச உடுப்பு, நெஞ்சில் படும் சூட்டில் 55 சதவீதத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். உயிரில் 40 புள்ளி பறிக்க வேண்டிய சன்னம் 18 தான் பறிக்கும். உடுப்புக்கும் தனியாக 250 புள்ளி ஆயுள். சூடு வாங்க வாங்க அது கரையும். 1993இல் வந்த டூம் விளையாட்டிலும் இதே கணக்குத்தான்: பச்சைக் கவசம் மூன்றில் ஒன்றைத் தாங்கும், நீலக் கவசம் பாதியை.

போனும் கையுமாகத் திரியும் பரந்தன் பெடியளுக்கு இதெல்லாம் மனப்பாடம். ஆனால் அவர்களுடைய சந்தியிலிருந்து ஏ-9 வீதியில் வடக்கே போனால், ஆனையிறவில் வேறொரு கவசம் நிற்கிறது. 1991 ஜூலையில் அங்கிருந்த இராணுவ முகாமைத் தாக்கிய புலிகள், இரும்புத் தகடு அடித்து முன்னே ஓட்டிவந்த புல்டோசர். துவக்குச் சூடு அதை ஒன்றும் செய்யவில்லை. 14ஆம் திகதி, சிங்க ரெஜிமென்டைச் சேர்ந்த காமினி குலரத்ன கைக்குண்டுகளோடு அதன் ஏணியில் ஏறி உள்ளே வீசினார், தானும் இறந்தார் என்பது இராணுவத்தின் பதிவு. நினைவிடமும் அவருக்கே. உள்ளே இருந்தவர்களைப் பற்றி எழுதப் புகுந்தால் இது வேறு கட்டுரையாகிவிடும்.

கவசத்தை மட்டும் பார்ப்போம். பப்ஜி உடுப்பு ஒவ்வொரு சன்னத்திலும் கொஞ்சத்தை உள்ளே விடுகிறது. இரும்புத் தகடு அப்படிப் பங்கு பிரிக்காது. ஒன்றில் தடுக்கும், இல்லையேல் விட்டுவிடும். டாங்கி விளையாட்டான வேர்ல்ட் ஒஃப் டாங்க்ஸ் இதை ஓரளவு பிடித்திருக்கிறது. அங்கே தகட்டின் தடிப்பு மில்லிமீற்றரில். சரிந்த தகடு கூடுதல் தடிப்பாகக் கணக்காகும். 70 பாகைக்கு மேல் சரிவாகப் பட்டால் துளைகுண்டு பெரும்பாலும் வழுக்கிப் போகும். துளைத்த பிறகு மட்டும் பழையபடி புள்ளிக் கழிப்பு. வார் தண்டர் என்ற இன்னொரு விளையாட்டில் அந்தப் புள்ளியும் இல்லை. சிதறல் உள்ளே யாரில் பட்டது, வெடிமருந்தில் பட்டதா, எஞ்சினில் பட்டதா என்றே பார்க்கிறது. ஆனையிறவுக்குக் கிட்ட வருவது இதுதான். ஆனாலும் புல்டோசர் தோற்றது தகட்டில் அல்ல, ஆள் ஏறி இறங்க வைத்த வழியில். அப்படி டாங்கியில் தொற்றி ஏறிக் குண்டு வைக்கும் வசதியை 2004இல் வந்த ஹேலோ 2 விளையாட்டு தந்தது.

சதவீதக் கணக்கு பொய்தான், ஆனால் வேண்டிய பொய். முதல் சூட்டிலேயே ஆள் சரிந்தால் ஓடவும் ஒளியவும் நேரமேது, விளையாட்டேது? அதற்காக, கவசம் போட்டவன் கூடுதல் சாமான் தூக்கலாம் என்று பப்ஜி வைத்திருப்பதை ஏற்க முடியாது. பாரம் சுமப்பவனை மெதுவாக்கும் என்பதைச் சின்னப் பிள்ளையும் சொல்லும்.

காயத்தில்தான் பப்ஜி முற்றாகத் தோற்கிறது. மெட்கிட் அடித்தால் உயிர் மறுபடி 100. வன்னியில் செல் துண்டை உடம்பில் வைத்துக்கொண்டே இன்றும் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.