ஒரு கூடம், நான்கு இசைத்தட்டுகள்

ஆண்டு முடியும் தறுவாயில், அவ்வாண்டு கேட்ட பழைய இசைத்தட்டுகளுள் மனத்தில் நின்றவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்பது என் நெடுநாள் வழக்கம். இம்முறை பட்டியலை எழுதி முடித்தபின்னரே ஒன்று புலப்பட்டது: முதல் நான்கு இடங்களைப் பெற்றவையும் ஒரே கட்டடத்தில் பதிவானவை. நான் திட்டமிட்டுத் தேர்ந்ததன்று. எனவே தரவரிசையோடு அக்கட்டடத்தின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

நியூயார்க் நகரின் கிழக்கு 30ஆம் தெருவில் இருந்தது அந்தக் கூடம். தேவாலயமாக எழுப்பப்பட்டுப் பின்னாளில் ஆர்மீனியக் கிறித்தவர்களும் வழிபட்ட இடம். 1949 முதல் 1981 வரை கொலம்பியா நிறுவனம் அதனை ஒலிப்பதிவுக் கூடமாகப் பயன்படுத்தியது. இசைக்கலைஞர்கள் அதனைச் 'சர்ச்' என்றே அழைத்தார்கள். உயர்ந்த கூரை, மரத்தரை. வாத்தியத்தின் நாதம் மேலெழுந்து, சற்றே தங்கி, இறங்கும். அந்த ஒலி கெட்டுவிடக்கூடாதென்று உள்ளே எதையும் மாற்ற விடவில்லையாம். தரையைக் கழுவுவதற்குக்கூடத் தடை இருந்ததாகச் சொல்வார்கள்.

நான்காம் இடம் டேவ் ப்ரூபெக் குழுவினரின் 'டைம் அவுட்' (1959). அமெரிக்க ஜாஸ் பெரும்பாலும் நான்கின் கணக்கில் நடைபோட்ட காலத்தில், இத்தட்டு வேறு எண்ணிக்கைகளை முன்னிறுத்தியது. ப்ரூபெக் 1958இல் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் துருக்கி, இந்தியா, இலங்கை முதலிய நாடுகளில் கச்சேரி செய்தவர். இஸ்தான்புல் தெருவில் கேட்ட ஒன்பதின் கணக்கு, 2+2+2+3 என்ற பிரிவோடு, தட்டின் முதல் உருப்படியாயிற்று. பால் டெஸ்மண்ட் இயற்றிய 'டேக் ஃபைவ்' ஐந்தின் கணக்கு. கண்டசாப்பு பழகிய நம் காதுக்கு ஐந்து புதிதன்று. ஆனால் நாம் 2+3 எனப் போடுவதை அவர்கள் 3+2 என்று போடுகிறார்கள். அந்தச் சிறு மாற்றத்தில் கை தடுமாறுவதே ஒரு சுகம். 1977இல் மறைந்த டெஸ்மண்ட், தம் இசைக்கான உரிமைத் தொகை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் சேருமாறு உயில் எழுதியிருந்தார்.

மூன்றாம் இடம் க்ளென் கூல்ட் 1955 ஜூன் மாதத்தில் வாசித்த பாஹின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்'. 1741இல் அச்சான இப்படைப்பு ஒரு மெட்டில் தொடங்கி, முப்பது மாற்றுருவங்களைக் கடந்து, அதே மெட்டுக்குத் திரும்புகிறது. கூல்டுக்கு அப்போது 22 வயது. தந்தையார் செய்து கொடுத்த தாழ்ந்த நாற்காலியில் அமர்ந்து, மீள்வாசிப்புக் குறிகளையெல்லாம் தள்ளிவிட்டு, ஏறத்தாழ 38 நிமிடங்களில் முடித்துவிட்டார். வாசிப்பினூடே அவர் முணுமுணுக்கும் குரலும் தட்டில் பதிந்திருக்கிறது.

இரண்டாம் இடம் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரு நாட்களில் பதிவானது. கலைஞர்களுக்குக் கிடைத்தவை சில குறிப்புகள் மாத்திரமே. சுரக்கோவைகள் அடிக்கடி மாறும் அக்கால வழக்கத்தை விடுத்து, ஒரு சுர வரிசைக்குள் நெடுநேரம் தங்கி உலவுவது இத்தட்டின் நெறி. (இதனை இராகம் என்று சொல்லிவிடக்கூடாது, ஆனால் ஆலாபனை கேட்டவர்க்கு அந்தத் தங்குதல் அந்நியமாயிராது.)

தமிழ் படித்தவனாகிய என்னை இத்தட்டில் ஈர்ப்பது இன்னொரு செய்தி. முதல் நாளன்று ஒலிநாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடிவிட்டது. அதனால் அந்நாளில் பதிவான மூன்று உருப்படிகளும், அதாவது தட்டின் முதற்பக்கம் முழுவதும், உண்மையான சுருதியைவிடச் சிறிது ஏறி ஒலித்தன. திருத்திய பதிப்பு வந்தது 1992இல். முப்பத்து மூன்று ஆண்டுகள் உலகம் போற்றிக் கேட்டது ஒரு பிழைப்பாடத்தை! 'ப்ளூ இன் க்ரீன்' என்ற உருப்படிக்கு ஆசிரியர் மைல்ஸா, பியானோ வாசித்த பில் எவன்ஸா என்ற வழக்கும் உண்டு. எவன்ஸ் அது தம்முடையதென்றே சொல்லிவந்தார். பாடபேதமும் ஆசிரியர் ஐயமும் ஓலைச்சுவடிக்கே உரியவை என்று வகுப்பில் சொல்லிவந்தவன் நான். இனி அவ்வாறு சொல்ல மாட்டேன்.

முதலிடம் மீண்டும் கூல்டுக்கு. மீண்டும் அதே படைப்புக்கு. 1981இல் அதே கூடத்துக்கு, அதே நாற்காலியோடு வந்தார். வயது 48. இம்முறை ஏறத்தாழ 51 நிமிடங்கள். தம் இளமை வாசிப்பில் அவருக்கு நிறைவில்லை. முப்பது மாற்றுருவங்களும் தனித்தனி மணிகளாகச் சிதறாமல், ஒரே நாடித்துடிப்பால் கோக்கப்பட வேண்டுமென்று எண்ணினார். தொடக்க மெட்டை அவர் வாசிக்கும் நிதானத்தில், ஒவ்வொரு சுரமும் அடுத்ததற்காகக் காத்திருக்கிறது. இதற்கும் பாடபேதம் உண்டு: டிஜிட்டல் முறையில் வெளிவந்த இப்பதிவு, உடன் ஓடிய பழைய வகை நாடாவிலிருந்து 2002இல் மறுபதிப்புக் கண்டது.

முதுகலை மாணவனாக இருந்தபோது நண்பர் ஒருவர் எனக்கு ஒலிநாடாவில் பதிந்து தந்தது 1955 பதிவு. பின்னர் 1981 பதிவைக் கேட்டபோது, "கிழவர் நடக்கிறார்" என்று ஒதுக்கிவைத்தேன். பல ஆண்டுகளாக என் பட்டியலில் இளைஞர் கூல்டே முன்னிருந்தார். இவ்வாண்டு எனக்கு 48 நிறைகிறது. தேர்வுத்தாள்கள் திருத்தி முடித்த ஓரிரவில் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். முதலதில் விரைவு வியப்பூட்டியது. ஆனால் அவர் கடந்து சென்ற இடங்களில் நான் நிற்க விரும்பினேன். இரண்டாவதில் அவர் அங்கெல்லாம் நின்றார். தட்டுகள் மாறவில்லை, பட்டியலை எழுதியவன் மாறியிருந்தான்.

1982 செப்டம்பரில் அத்தட்டு வெளியானது. ஐம்பது வயது நிறைந்த சில நாட்களில், அக்டோபர் 4 அன்று, கூல்ட் காலமானார். கூடமும் அதற்குள் மூடப்பட்டிருந்தது. பின்னர் அதனை இடித்து அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டினார்கள். 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் வாசித்தவருள் எஞ்சியிருந்த ஜிம்மி காப் 2020இல் மறைந்தார். அக்கூரைக்குக் கீழ் நாதம் எவ்வளவு நேரம் தங்கும் என்பதை அறிய இன்று தட்டுகளே கதி. கூல்டின் கடைசி மெட்டு ஓயும்போது ஊசியை உடனே எடுத்துவிடாதீர்கள். அந்த நொடியில் கேட்பது பியானோ மட்டுமன்று, அந்தக் கூடமும்தான்.