சேகோ ஆலைகளில் வழுக்கி விழும் விபத்துகள்

ஆத்தூர், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் எனச் சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பரவியுள்ள ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளில் வேலையாட்கள் வழுக்கியோ தடுக்கியோ விழுந்து அடிபடும் விபத்துகள் இத்தலைப்பில் அடங்கும். 1940-களில் சேலத்தில் வேர்பிடித்த இத்தொழிலுக்காக 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் உருவானது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சரக்குக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு பங்காவது, அதைச் செய்பவர்கள் நடக்கும் தரைக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

ஏனெனில் இவ்விபத்துகளுக்கு முதற்காரணம் ஆளின் அசட்டை அல்ல, தரைதான். மரவள்ளிக்கிழங்கைக் கழுவுவதிலிருந்து மாவுப்பாலைத் தொட்டியில் தெளிய வைப்பது வரை தண்ணீர் இல்லாமல் வேலை நடக்காது. கழுவும் இடத்தில் சேறும் தோலும், அரவைக்கு அருகில் திப்பியும் (மாவெடுத்த சக்கை), தொட்டியோரத்தில் சிந்திய மாவுப்பாலும் கிடக்கும். இவற்றில் மாவுப்பால்தான் மோசம். மாவு அடியில் மெல்லிய படலமாகப் படிய, மேலே தண்ணீர் நிற்பதால் தரை வெறும் ஈரமாகத்தான் தெரியும். வெறுங்காலை ஊன்றியதும் படலம் நழுவும். கூடை சுமந்து வருபவருக்குக் கால் வைக்கும் இடம் தெரியாது, பிடித்துக்கொள்ளக் கையும் இருக்காது.

‘தண்ணீரில் நடக்கும் தொழிலில் தரை காயுமா?’ என்று கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தரை காய வேண்டும் என்று கேட்கவில்லை. ஈரமாகும் தரைக்கு வடிகால் வேண்டும் என்றது 11-ஆம் பிரிவு. வழுக்கும் பொருள் தரையில் கிடக்கக்கூடாது என்றது 32. தொட்டிக்கு மூடியோ வேலியோ கேட்டது 33. விலை சரியும் பருவத்தில் சிறு ஆலைக்குச் செலவு பாரம்தான். எனினும் தளத்துக்கு வாட்டம் கொடுப்பதும், வழவழப்பாகப் பூசாமல் சொரசொரப்பாக விடுவதும், மாவு படியப் படியத் தேய்த்துக் கழுவுவதும் புது இயந்திரம் வாங்கும் செலவு அல்ல.

‘பதிவேட்டில் விபத்தே இல்லையே’ என்பது இன்னொரு மறுப்பு. தொழிற்சாலைகள் சட்டப்படி, 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாமல் செய்த காயத்தைத்தான் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டமோ மூன்று நாளுக்கு மேற்பட்ட முடக்கத்தையே கணக்கில் எடுத்தது. வீங்கிய மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளே வேலைக்கு வரும் தினக்கூலியாள் இரண்டிலும் சேரவில்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், மின்விசையில் ஓடும் ஆலை தொழிற்சாலையாகக் கருதப்படுவதற்கான ஆள் வரம்பை 10-இலிருந்து 20-ஆக உயர்த்தியது. இதனால் சிறு ஆலைகளின் தரை ஆய்வாளரின் கண்ணிலிருந்து இன்னும் விலகிப்போகும்.