மறுமுகத்தின் சாட்சியம்: அச்சடிப்புப் பிழையும் பிற்காலச் சிதைவும்

விந்தையாகத் தோன்றும் எந்தக் காசுக்கும் ‘எரர் காயின்’ என்று பெயரிட்டு விலை சொல்லும் வழக்கம் சேகரிப்பாளரிடையே வேரூன்றிவிட்டது. குறை எவ்வளவு பெரிது, எவ்வளவு அரிது என்றே பலரும் பார்க்கிறார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. காசாகப் போகும் உலோக வில்லையை வெட்டுதல், விளிம்பு எழுப்புதல், அச்சு செய்தல், அடித்தல் என்ற படிகளுள் எந்தப் படியில் இக்குறை விழுந்திருக்க முடியும்? இதற்கு விடை சொல்ல முடியாத காசு பிழைக் காசு ஆகாது. அந்த விடையும் பெரும்பாலும் குறையுள்ள இடத்தில் கிடைப்பதில்லை. எதிர்முகத்திலும் எதிர்விளிம்பிலும்தான் கிடைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இயந்திரத்தில் அடிக்கும் காசின் இருமுகங்களும் ஒரே அடியில், இரண்டு அச்சுகளுக்கும் சுற்றியிருக்கும் வளையத்துக்கும் நடுவே உருவாகின்றன. ஒரு பக்கத்தில் உலோகம் நகரும் விதம் மறுபக்கத்தையும் தொடாமல் விடாது. (கையால் அடித்த பழங்காசுகளை இந்த அளவுகோலால் அப்படியே அளக்கக் கூடாது. முதலாம் இராசராசனின் செப்புக் காசில் நின்ற உருவம் சற்று ஒதுங்கியிருப்பதைப் பிழை என்பது அக்காலத் தொழிலை அறியாத பேச்சு. வளையமின்றி அடிக்கும்போது நடு பிசகுவது இயல்பே.)

ஒரு முகத்தில் உருவம் குழிவாகவும் இடவலம் மாறியும் விழுந்த காசுகளைப் பார்ப்போம். அடித்த காசு வெளியேறாமல் மேலச்சில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த வில்லையை அந்தக் காசே அச்சாக நின்று அழுத்துகிறது. ரோமானியக் குடியரசின் வெள்ளித் தினாரியஸ்களிலேயே இப்படிப்பட்டவை உண்டு. ஒட்டிய காசு தன் முதுகை அச்சுக்குக் கொடுத்து, கீழச்சு தந்த முகத்தை வெளியே காட்டி நிற்கிறது. எனவே புதிய வில்லையின் கீழ்ப்புறத்தில் எந்த உருவம் புடைப்பாக விழுகிறதோ, அதே உருவம்தான் மேற்புறத்தில் குழிவாக விழ வேண்டும். போலியில் இது பொருந்துவது அரிது. இரண்டு காசுகளைச் சேர்த்து வைஸ் எனும் இறுக்குப்பிடியில் இறுக்கினால் குழிவு விழும். ஆனால் அந்த முகத்தில் ஏற்கெனவே இருந்த எழுத்துகளின் மிச்சம் குழிவுக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும். வைஸின் தாடையில் பட்ட மறுமுகமோ மேடான இடங்களிலெல்லாம் தட்டையாகிப் பளபளக்கும். மெய்யான பிழையில் மறுமுகம் பழுதின்றி இருக்கும்.

பிறை வடிவில் விளிம்பு குறைந்த காசிலும் இதே நியாயம்தான். தகட்டில் முன்பே வெட்டிய துளையின் மேல் வெட்டுக்கத்தி மறுபடி இறங்கினால் குறைவட்டம் கிடைக்கும். விளிம்பு எழுப்பும் பொறியில் குறையுள்ள இடம் அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே அதற்கு நேரெதிரே விளிம்பு மங்கலாக எழும். இந்த மங்கல் எல்லாக் காசிலும் தெளிவாக இராது என்பதை மறுக்கவில்லை. அப்போது வெட்டோரத்து எழுத்துகளைப் பார்க்கலாம்: அடியின்போது உலோகம் வெற்றிடத்தை நோக்கி ஓடியிருந்தால் அவை இழுபட்டு மெலியும், அரம் பட்டிருந்தால் கூராக அறுபட்டு நிற்கும்.

நம் 10 ரூபாய்க் காசில் நடுவில்லையும் வெளிவளையமும் வேறுவேறு உலோகங்கள்; இரண்டின் மீதும் விழுவது ஒரே அச்சு. அச்சு திரும்பியிருந்தால் அந்த முகம் முழுவதும் சேர்ந்தே திரும்பும். சிங்கத் தலை மட்டும் சாய்ந்து, வளையத்து எழுத்து நேராக இருக்கும் காசை எந்த நாணயச்சாலையாலும் ஒரே அடியில் உண்டாக்க முடியாது. நடுவில்லையை யாரோ தட்டிக் கழற்றித் திரும்பப் பொருத்தியிருக்கிறார்கள்.

அச்சிலேயே குறை இருந்தால் மறுமுகம் பேசாது. என் வாதத்தின் எல்லை அது. அங்கே சாட்சி அதே அச்சில் பிறந்த மற்றக் காசுகள். 1937இல் டென்வரில் அடித்த ஐந்து சென்ட் காசுகள் சிலவற்றில் எருமைக்கு மூன்றே கால். அச்சை மிகையாகத் தேய்த்ததால் ஒரு முன்னங்கால் மறைந்தது. பின்னங்காலும் அரித்தாற்போல் மெலிந்தது. வயிற்றின் கீழே மேடான புள்ளிகள் வரிசையாக விழுந்தன. அச்சின் குறை என்பதால் மெய்க்காசுகள் எல்லாவற்றிலும் இவை உண்டு. சுரண்டிக் காலை நீக்கிய காசில் மற்ற அடையாளங்கள் இரா; கீறல் இருக்கும்.

1943ஆம் ஆண்டு அமெரிக்கச் செப்பு ஒரு சென்ட் இன்னும் கடினமான வழக்கு. அவ்வாண்டு போரினால் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். பழைய செம்பு வில்லைகள் சில பொறியில் தங்கி, அவையும் அடிபட்டுவிட்டன. எஃகுக் காசுக்குச் செப்புப் பூசிய போலி காந்தத்தில் ஒட்டிப் பிடிபடும். 1948ஆம் ஆண்டுக் காசின் 8ஐச் சுரண்டி 3 ஆக்கியது காந்தத்துக்கும் தப்பும், 3.11 கிராம் எடைக்கும் தப்பும். அதைப் பிடிக்க, ஒப்பிட்டுப் பார்க்க அதே 1943ஆம் ஆண்டின் விலை மலிந்த எஃகுக் காசு ஒன்றே போதும். அதன் 3க்கு மற்ற இலக்கங்களின் அடிக்கோட்டைத் தாண்டி இறங்கும் நீண்ட வால் உண்டு. 8ஐச் சுரண்டிச் செய்த 3க்கு அந்த வாலை வளர்க்க உலோகமே கிடையாது.